மெட்டாமெட்டீரியல்

‘அப்பால்’ என்று பொருள்படும் ‘மெட்டா’ என்னும் கிரேக்க முன்னொட்டும், பருப்பொருளைக் குறிக்கும் ‘மெட்டீரியல்’ என்னும் லத்தீன் வழிச் சொல்லும் இணைந்து உருவான இச்சொல், அலைநீளத்தினும் சிறிய உலோகக் கம்பிகளையும் வளையங்களையும் வரிசையாக அடுக்கி, இயற்கைப் பொருள்களில் காணப்படாத மின்காந்தப் பண்புகள் தோன்றுமாறு அமைக்கப்பட்ட செயற்கைப் பொருளைக் குறிக்கும். 1990களின் இறுதியில்தான் இச்சொல் வழக்கிற்கு வந்தது எனினும், இதன் கருத்து முற்பட்டது. மின்புலத்துக்கு ஒரு பொருள் தரும் எதிர்வினையாகிய விடுதிறனும், காந்தப்புலத்துக்குத் தரும் எதிர்வினையாகிய உட்புகுதிறனும் ஒருங்கே எதிர்க்குறி பெற்றால், ஒளிவிலகல் எண்ணும் எதிர்க்குறி பெற்று, விலகுகதிர் செங்குத்துக்கோட்டைக் கடக்காமல் படுகதிர் வந்த பக்கமே வளையும் என்று சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசெலாகோ 1967இல் காட்டினார்.

அத்தகைய எதிர்க்குறி ஒளிவிலகல் எண் கொண்ட தட்டையான பலகையே வில்லையாகச் செயல்படுவதோடு, பொருளை விட்டு விலகியதும் தேய்ந்து மறையும் நுண்விவர அலைகளையும் பெருக்கிப் பிம்பத்தில் சேர்க்கும் என இயற்பியலாளர் ஜான் பெண்ட்ரி 2000இல் கணித்தார். விடுதிறன் மட்டுமே எதிர்க்குறியான 35 நானோமீட்டர் வெள்ளிப் படலத்தைக் கொண்டு, 365 நானோமீட்டர் அலைநீள ஒளியில் 60 நானோமீட்டர் நுண்மையைப் பெர்க்கிலி ஆய்வாளர்கள் 2005இல் எட்டினர். உலோகம் ஒளியை உறிஞ்சிவிடுவதே இவ்வகை வில்லைகளின் தெளிவுக்கு இன்றளவும் வரம்பிடுகிறது.