ஒரு வீடு, நூறு பேர்

டப்ளின் நகரில், லிஃபி ஆற்றுக்கு வடக்கே ஒரு முட்டுச்சந்து. பெயர் ஹென்ரியேட்டா தெரு. இருபுறமும் செங்கல் மாளிகைகள். மேற்குக் கோடியில் வழியை மறித்து நிற்கிறது, வழக்கறிஞர்களின் கிங்ஸ் இன்ஸ் கட்டிடம். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தச் சின்னத் தெருவில் 835 பேர் இருந்தார்கள். 14ஆம் எண் வீட்டில் மட்டும் 17 குடும்பங்கள், 100 பேர்.

அந்த வீடு கட்டப்பட்டதோ ஒரே குடும்பத்துக்காக!

1720களில் லூக் கார்டினர் என்ற வங்கியாளர் இங்கே மனைகளை உருவாக்கத் தொடங்கினார். அப்போது அயர்லாந்துக்கெனத் தனி நாடாளுமன்றம் டப்ளினில் கூடிக்கொண்டிருந்தது. பிரபுக்களுக்குத் தலைநகரில் வீடு தேவை. விருந்து கொடுக்கக் கூடமும் தேவை. அர்மா பேராயர், படைத்தளபதி மோல்ஸ்வொர்த் பிரபு போன்றவர்கள் குடியேறினார்கள்.

1801இல் எல்லாம் மாறியது. அயர்லாந்தை பிரிட்டனுடன் இணைத்த ஒன்றிணைப்புச் சட்டத்தால் டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தது. அதிகாரம் லண்டனுக்குப் போயிற்று. பிரபுக்களும் பின்னாலேயே போனார்கள். காலியான மாளிகைகளுக்கு வக்கீல்கள் வந்தார்கள். நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் நொடித்துப்போன நிலக்கிழார்களின் எஸ்டேட்டுகளை விற்றுக் கடனை அடைக்க 1849இல் தனி நீதிமன்றம் அமைந்தது. அது இயங்கிய இடம் இதே 14ஆம் எண் வீடு. பண்ணையார் வர்க்கத்துக்காகக் கட்டிய கூடத்தில் அந்த வர்க்கத்தின் சொத்து கைமாறியது.

1877இல் தாமஸ் வான்ஸ் என்பவர் அந்த வீட்டை ஒண்டுக்குடித்தனமாக்கினார். பிரமாண்டமான படிக்கட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் அறைகளாக்கி வாடகைக்கு விட்டார். நகர மேயராக இருந்த ஜோசப் மீட், தெருவில் பல வீடுகளை வாங்கி, கணப்புகளின் வேலைப்பாடுகளைப் பெயர்த்து விற்றார்.

வாடகைக்கு ஆள் பஞ்சமே இல்லை. பிழைப்புத் தேடி கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்குத் துறைமுகத்தில் கிடைத்ததோ அன்றாடக் கூலி. வசதியானவர்கள் ராத்மைன்ஸ் போன்ற புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். அவை தனி நகராட்சிகள். அவர்கள் கட்டிய வரி டப்ளினுக்கு வரவில்லை. மாநகராட்சி உறுப்பினர்களில் சிலரே ஒண்டுக்குடித்தனங்களுக்குச் சொந்தக்காரர்கள். தங்கள் வீடுகளையே தாங்கள் சோதிப்பார்களா?

1913 செப்டம்பர் 2 அன்று, அருகிலுள்ள சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து ஏழு பேர் இறந்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஆனாலும் குடும்பங்கள் கப்ரா, கிரம்ளின் போன்ற புதிய குடியிருப்புகளுக்குப் போகப் பல ஆண்டுகளாயின. 14ஆம் எண்ணின் கடைசிக் குடித்தனம் காலியானது 1970களின் கடைசியில்தான்.

2018இல் மாநகராட்சி அந்த வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தது. பிரபு காலத்து அழகை மட்டும் மீட்டுக் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கூலிக்காரர்கள் சுவரில் பூசிய மலிவான நீலமும் சிவப்பும் அப்படியே இருக்கின்றன. ஏழைகள் வந்ததால் தெரு கெட்டது என்பார்கள். வரிசைப்படி பார்த்தால், முதலில் போனது நாடாளுமன்றம், அடுத்து பணம், அதற்கடுத்து படிக்கட்டு. ஏழைகள் வந்து சேர்ந்தபோது அங்கே மிச்சமிருந்தது சுவரும் வாடகையும்தான்.

(தொடரும்)