'இருக்கு' என்றது, ஆனால் இல்லை

போன வருஷம் ராசிபுரத்திலிருந்து ஒரு அண்ணி போன் பண்ணினார். அவர் கணவர் என் நெடுநாள் நண்பர், காலமாகி ஆறு மாசம் ஆகியிருந்தது. 2000-லிருந்து 2003 வரை மின்மடல் குழுக்களில் அவர் எழுதித் தள்ளியதெல்லாம் ஒரு சிடியில் கிடக்கிறதாம். "திறந்தா கிறுக்கலா வருது தம்பி, படிக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார். நம்ம காலத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், அத்தனையும் திஸ்கி.

சிடியைக் கொடுங்க, மாற்றித் தருகிறேன் என்றேன். உள்ளே சொந்தக் கடிதங்களும் இருக்கு, நானே பாத்துக்கறேனே என்று தயங்கினார். நியாயம்தான். இணையப் பக்கத்தில் ஒட்டி மாற்றுகிற மாற்றிகள் உண்டு, ஆனால் நானூறு கோப்பை யார் ஒவ்வொன்றாக ஒட்டுவது? சரி, நாமே ஒரு குட்டி நிரல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் லினக்ஸ் பொட்டியில் அரை நாளில் முடிந்தது. காரணம் என் திறமை இல்லைங்க. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் 'ஐகான்வ்' என்று ஒரு எழுத்துமாற்றி இருக்கிறது. அதற்குள் திஸ்கிக்கென்றே ஒரு மாற்றியை 2002-ல் புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர் எழுதி வைத்திருக்கிறார். திஸ்கி ஐயானா பட்டியலில் பதிவானதே 2007-ல்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, தமிழர் அல்லாத ஒருவர், கொம்பு எழுத்துக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று மெனக்கெட்டிருக்கிறார்! (திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பு முதலில், 'க' அடுத்து, கால் கடைசியில். யூனிகோடில் 'க' முதலில். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும்.)

அண்ணி வீட்டில் இருப்பது விண்டோஸ். லினக்ஸில் உட்கார்ந்தபடியே விண்டோஸுக்கு நிரல் கட்டித் தருகிற மின்ஜிடபிள்யூ கம்பைலர் இருக்கிறது. விண்டோஸில் ஜிலிப்சி கிடையாது, ஆனால் குனு லிபைகான்வ் என்று அதே வேலைக்கு ஒரு நூலகம் உண்டு. கான்ஃபிகர் ஓடவிட்டேன். 'ஐகான்வ் இருக்கிறதா... இருக்கிறது' என்று சொன்னது. கட்டினேன், அனுப்பினேன். சாயங்காலம் போன். "எல்லாம் வெத்தாளா இருக்கே தம்பி." நானூறு கோப்பும் பூஜ்யம் பைட்!

ஏன் என்று புரிய ஒரு ராத்திரி ஆனது. அந்த ராத்திரி தோண்டிய பழங்கதைதான் மிச்சப் பதிவு.

நிரல் கட்டும் கருவிகளில் மூத்தது 'மேக்'. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. சக ஊழியர் ஒருவர் சரியாக இருக்கும் நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதை வீணடித்தாராம். பிழையைத் திருத்தியாயிற்று, மறுபடி கம்பைல் பண்ணத்தான் மறந்திருந்தார். அதிலிருந்து பிறந்தது மேக். அதில் கட்டளை வரிகள் 'டேப்' எழுத்தில்தான் தொடங்க வேண்டும், எட்டு வெற்றிடம் போட்டால் ஒத்துக்கொள்ளாது. இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்குப் பார்த்த தாட்சண்யம், ஐம்பது வருஷமாக உலகமே டேப் தட்டிக்கொண்டிருக்கிறது :-)

மேக்குக்கு ஒரு இயந்திரம்தான் உலகம். 80களில் ஆளுக்கொரு யூனிக்ஸ் விற்க ஆரம்பித்ததும் தகராறு வந்தது. எக்ஸ் விண்டோ ஆட்கள் 'ஐமேக்' என்று ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு கம்பெனி யூனிக்ஸுக்கும் ஒரு குறிப்புக் கோப்பு, இன்ன பெயர் என்றால் இன்னின்ன இருக்கும் என்று. பெயர் அதேதான், உள்ளே பதிப்பு மாறிவிட்டது என்றால் குறிப்பு பொய்யாகிவிடும்.

இதற்கு நாமக்கல்லில் பதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் படிக்கும்போது என் மாமாவின் லாரி பாடி கட்டும் பட்டறையில் லீவு நாட்களைக் கழித்திருக்கிறேன். வெறும் சேஸிஸ் வரும். கூண்டு கிடையாது, டிரைவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். வண்டி இன்ன மாடல் என்று காகிதத்தில் இருக்கும். மேஸ்திரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். டேப்பை எடுத்து (இது வேற டேப்!) நீளம், அகலம், ஓட்டைகளின் இடைவெளி எல்லாம் அளந்த பிறகுதான் மரத்தில் ரம்பம் வைப்பார். "காயிதத்த நம்பி அறுத்தா கட்டை வீணாப்போயிரும்டா" என்பார்.

மேஸ்திரி செய்ததையே 1991-ல் டேவிட் மெக்கென்சி செய்தார். குனு நிரல்கள் பலவற்றைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். கட்டுகிற ஒவ்வொருவரும் கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய தெரிவுகள் இருபதை நெருங்கியதும் அலுத்துப்போய் 'ஆட்டோகான்ஃப்' எழுதினார். அது உண்டாக்குகிற கான்ஃபிகர், உன் பெயர் என்ன என்று கேட்பதைவிட, அளந்து பார்ப்பதையே நம்பும். துக்கடா சி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் பண்ணிப் பார்க்கும். வந்தால் 'இருக்கு', வராவிட்டால் 'இல்லை'. அளந்ததையெல்லாம் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் எழுதியும் வைக்கும். கான்ஃபிகர் மக்கர் பண்ணினால் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான், திரையில் வரும் கடைசி வரியை அல்ல.

இன்னொன்றும் செய்யும். எழுந்தவுடன் முதல் வேலையாக மொழியை அணைத்துவிடும். 'எல்சி_ஆல்' என்ற மாறியை 'சி' என்று வைக்கும். நீங்கள் ஆசை ஆசையாய்த் தமிழில் அமைத்து வைத்த கணினி, கான்ஃபிகர் முடியும் வரை தமிழ் பேசாது. கோபப்பட வேண்டாம், அகரவரிசையும் பிழைச்செய்திகளும் மொழிக்கு மொழி மாறினால் அது குழம்பிப்போகும்.

இதெல்லாம் யூனிக்ஸ் ஷெல்லை நம்பிய ஏற்பாடு, விண்டோஸில் பிறவியிலேயே ஷெல் கிடையாது. 1999-2000 வாக்கில் கிட்வேர் நிறுவனத்தார் மருத்துவப் படங்களை அலசும் நூலகம் ஒன்றுக்காக 'சிமேக்' எழுதினார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோப்பும் தரும், மேக் கோப்பும் தரும். கேடிஈ குழு 2006-ல் அதற்கு மாறியதும் ஊரெல்லாம் பரவியது. இன்று நம் தமிழ் எழுத்தைத் திரையில் கோத்துத் தருகிற ஹார்ஃப்பஸ் அதற்கும் அடுத்த தலைமுறையான 'மெசான்' பக்கம் போயாயிற்று. கருவி எதுவானாலும் உள்ளே நடப்பது அதே அளவெடுப்புதான்.

அளக்கிறவனை ஏமாற்றினால்? 2024-ல் அதுவும் நடந்தது. எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்துவிட்டார்கள். அதை உள்ளே இழுத்துவந்த வரிகள் மூலநிரலில் இல்லை. கான்ஃபிகரைப் பிறப்பிக்கிற ஒரு துணைக்கோப்பில், அதுவும் வெளியிட்ட பொட்டலத்தில் மட்டும் இருந்தன. அந்தக் கோப்பின் அசல், பாவம், நம்ம ஹைபிள் எழுதியது. அதைத்தான் திருகியிருந்தார்கள். ரிமோட் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மார்ச் 29 அன்று ஊருக்குச் சொன்னார்.

எனக்கு அதைவிடத் திகிலாக இருந்தது அதே நூலகத்தில் செய்த சின்ன வேலை. சிமேக் கோப்பில், ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் துக்கடா நிரலில், வரித் தொடக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியால் அது எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகாவிட்டால் என்ன பதில்? 'இல்லை'. பிழை என்று ஒரு சத்தமும் வராது, வசதி இல்லாமலே நிரல் கட்டி முடியும்.

என் கதை இதற்கு நேர் தலைகீழ். ஐகான்வ் இருக்கா என்று கேட்டேன், இருக்கு என்றது, உண்மைதான். திஸ்கி தெரியுமா என்று நான் கேட்கவே இல்லையே! குனு லிபைகான்வில் திஸ்கி கிடையாது. இதில் வேடிக்கை, லிபைகான்வை எழுதியவரும் அதே ஹைபிள்தான். திஸ்கி வேண்டும் என்று கேட்டதும் பிழை எண்ணைத் திருப்பியிருக்கிறது, அதை நான் சோதிக்காமல் விட்டுவிட்டேன். முழுக்க என் தப்பு.

கான்ஃபிகரில் அந்தக் கேள்வியையும் சேர்த்துவிடலாமே என்று பார்த்தேன். முடியாது. திஸ்கி தெரியுமா என்பது கம்பைல் பண்ணினால் தெரியாது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். லினக்ஸில் கட்டுகிற விண்டோஸ் நிரலை லினக்ஸில் எப்படி ஓட்டுவது? சேஸிஸ் வராமலே பாடி கட்டுகிற கதை. கடைசியில் ஐகான்வையே தூக்கிவிட்டு, மேல்பாதி 128 இடங்களுக்கும் சொந்தமாக அட்டவணை போட்டேன். கொம்பு இடமாற்றம் மட்டும் இரண்டு நாள் தின்றது.

மறுபடி அனுப்பினேன். அண்ணி ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். மேட்டூர் அணை பற்றிய நீளமான கட்டுரையைப் படித்தாராம், இதெல்லாம் எழுதுவார் என்றே எனக்குத் தெரியாது தம்பி என்றார். மூன்று கோப்பு மட்டும் இன்னும் கிறுக்கலாகவே இருக்கிறதாம். அனுமதி வாங்கி ஒன்றை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அது திஸ்கியே இல்லை, 1999-ல் தமிழக அரசு அறிவித்த 'டாப்' குறியீடு. அதற்கு ஜிலிப்சியிலும் மாற்றி கிடையாது. புது அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன், 'ஐ' வரிசை வரை வந்திருக்கிறது.