மட்டக்குதிரையின் முதல் சவாரி

குதிரையை அடக்குவது என்றதும் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் செஞ்சியின் தேசிங்குராஜன். டெல்லி பாதுஷாவின் லாயத்தில் யாரையும் ஏறவிடாத ஒரு குதிரை. அதனிடம் தோற்றுச் சிறைப்பட்ட தந்தை. துணிந்து ஏறி, அடக்கி, அந்தக் குதிரையையே பரிசாகப் பெற்ற மகன். இது கதைப்பாடல் சொல்லும் கதை. தேசிங்கு என்கிற தேஜ்சிங் உண்மையில் வாழ்ந்தவர்தான். 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி உயிர் விட்டார்.

கிரேக்கர்களிடமும் இதே போன்ற கதை உண்டு. புசிபாலஸ் என்ற முரட்டுக் குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கவனித்தான். அதைச் சூரியன் பக்கம் திருப்பி நிறுத்தி ஏறினான் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு கதையிலும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது! ஏறாத குதிரையை ஏற்றுக்கொள்ளச் செய்ய உண்மையில் வாரங்களும் மாதங்களும் ஆகும். அதைச் செய்தவர்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் பொம்மிடி, இன்று தருமபுரி மாவட்டத்து ஊர். 1965-ல் தருமபுரி தனி மாவட்டம் ஆகும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதே பழைய சேலம் மாவட்டத்தின் வடகோடியில் ஓசூர். (2004 முதல் அது கிருஷ்ணகிரி மாவட்டம்.) ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824-ல் வெள்ளையர்கள் ராணுவத்துக்காகக் குதிரைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, பரந்த மேய்ச்சல் நிலம். சமவெளியில் வாடிப்போகும் குதிரைக்கு ஏற்ற இடம். 1924-ல் அது கால்நடைத் துறையின் கைக்கு வந்து, மாடுகளுக்குப் பெயர்பெற்ற பண்ணையாக மாறியது.

ராணுவப் பண்ணைக்கு ஆள் உண்டு, பணம் உண்டு, பெரிய குதிரைகள் உண்டு. ஊர்ப்புறத்தில் இருந்ததோ மட்டக்குதிரை. சந்தைக்குச் சரக்கு சுமக்க, வண்டிப்பாதை இல்லாத மலைக்கு ஏற, பிற்காலத்தில் ரயிலடியில் ஜட்கா இழுக்க என்று உழைத்தது அதுதான். அதைப் பழக்குவது பெரிய குதிரையைப் பழக்குவதைவிடச் சுலபம் என்று தோன்றலாம். உண்மை அப்படியல்ல.

காரணம் எடை. குதிரை தன் உடல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் நோகாமல் சுமக்கும் என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்குச் சேணத்தையும் சேர்த்து 40 கிலோ! அதாவது ஒரு சிறுவன். குதிரையின் குணம் தெரிந்த பெரியவர் ஏறினால் முதுகு தாங்காது. ஏறக்கூடிய எடையுள்ள பையனுக்கோ குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழகாத குதிரை மேல் பழகாத ஆள். விழுந்தால் கை கால் போகும். ஒருமுறை ஆளைத் தள்ளிவிட்டுப் பழகிய குதிரை அடுத்த முறையும் அதையே செய்யும்.

இதற்கு வழி, பெரியவர் தரையிலேயே நின்று முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவதுதான். மூன்று நான்கு வயது ஆகும்வரை எலும்பு முற்றாது, அதற்கு முன் முதுகில் பாரம் கூடாது. முதலில் கையில் தீனி, உடம்பெங்கும் தடவல். பிறகு நீளக் கயிற்றில் கட்டி, வலப்பக்கமும் இடப்பக்கமும் வட்டமாக நடத்துதல். நில் என்றால் நிற்கவும் நட என்றால் நடக்கவும் குரலாலேயே பழக்க வேண்டும். அடுத்து முதுகில் ஒரு சாக்கு. அதை உதறாமல் நிற்கப் பழகியதும் சேணம். வயிற்றுப் பட்டையை ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது, நாளுக்கு ஒரு துளை. பின்னாலிருந்து நீள லகானைப் பிடித்து நடந்து கடிவாளத்தின் பொருளைக் கற்பிக்கலாம். சேணத்தில் சிறு மணல் மூட்டை கட்டிப் பாரத்தையும் பழக்கலாம்.

முதுகின் மேல் பாய்வது குதிரைக்குப் புலி, சிறுத்தையின் வேலை. அந்தப் பயம் அதன் பிறவியிலேயே இருக்கிறது. அடித்தால் பயம் கூடுமே தவிர குறையாது. கிரேக்கரான செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, குதிரையிடம் கோபத்தோடு போகாதே என்று எழுதினார். இத்தனைக்கும் அவர் போர் பார்த்த தளபதி!

தமிழகத்திலோ குதிரைக்குப் பணம் தண்ணீராய்ச் செலவானது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் ஆண்டுதோறும் கடல்வழியே ஆயிரக்கணக்கில் அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை விரைவிலேயே செத்தன என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்றும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். வெப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் குதிரையை வாங்க ஆள் இருந்து, வளர்க்க ஆள் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

பையன் ஏறும் நாளில் முதலில் அவன் உட்காருவதே இல்லை. மூட்டை போல வயிற்றை வைத்துக் குறுக்கே சாய்கிறான், இறங்குகிறான். பெரியவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நிற்கிறார். பல தடவைக்குப் பின்தான் கால் மறுபக்கம் போகும். பத்தடி நடை. குதிரை சலிப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். மறுநாள் மிரண்டால் பழையபடி சாக்கிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.