தள்ளிப்போட்டு வென்ற போராட்டம்: ஐரோப்பிய மென்பொருள் காப்புரிமை எதிர்ப்பு (2002–2005) – ஓர் ஆய்வு

முன்னுரை

2005 ஜூலை 6 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடிய ஐரோப்பிய நாடாளுமன்றம், மென்பொருள் காப்புரிமை குறித்த நெறியாணையை 648க்கு 14 என்ற வாக்குகளில் நிராகரித்தது. 18 பேர் நடுநிலை வகித்தனர். கட்டற்ற மென்பொருள் நிரலர்களின் பெருவெற்றியாக இது பேசப்படுகிறது. அந்த வெற்றி எவ்வழியில் கிட்டியது, எதுவரை செல்லுபடியாகும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. திரண்டோரின் எண்ணிக்கையைவிட, சட்டமியற்றலின் ஒவ்வொரு படியிலும் கிடைத்த கால அவகாசமே முடிவைத் தீர்மானித்தது. ஆனால் காப்புரிமை அலுவலகத்தின் நடைமுறையை மாற்ற அந்த வழி போதவில்லை என்பது இதன் கருதுகோள்.

1. சட்டப் பின்னணி

1973இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு, கணித முறைகளையும் கணினி நிரல்களையும் கண்டுபிடிப்புகளின் வரையறையிலிருந்து விலக்கியது. ஆனால் அவை ‘அவையாகவே’ உரிமை கோரப்படும்போது மட்டுமே விலக்கு பொருந்தும் என்ற வரம்பும் அப்பிரிவிலேயே இருந்தது. இந்த இடுக்கின் வழியே, ‘தொழில்நுட்ப விளைவு’ தரும் நிரலுக்குக் காப்புரிமை வழங்கலாம் என ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழுக்கள் பொருள் கண்டன.

2000 நவம்பரில் உடன்படிக்கையைத் திருத்தக் கூடிய மாநாட்டில், நிரல்களுக்கான விலக்கை நீக்கும் யோசனை ஏற்கப்படவில்லை. 2002 பிப்ரவரி 20 அன்று ஐரோப்பிய ஆணையம் நெறியாணை வரைவொன்றை முன்வைத்தது. உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒருமுகப்படுத்துவதே நோக்கம் என்றது ஆணையம். அலுவலகத்தின் தளர்ந்த நடைமுறைக்குச் சட்ட முத்திரை குத்தும் முயற்சி என்றனர் எதிர்ப்பாளர்கள்.

2. எதிர்ப்பின் அடிப்படைகள்

2.1 தொழில்சார் காரணம்: பதிப்புரிமை, எழுதப்பட்ட நிரல்வரிகளைக் காக்கிறது. காப்புரிமையோ, அவ்வரிகளுக்குப் பின்னுள்ள வழிமுறையையே ஒருவருக்கு உரித்தாக்குகிறது. பெரிய நிரல் ஒன்றில் நூற்றுக்கணக்கான வழிமுறைகள் பின்னிக் கிடக்கும். அவற்றுள் ஒன்றை நிரலர் தாமாகவே கண்டறிந்திருந்தாலும், மீறல் வழக்கில் அது பொதுவாக அவரைக் காப்பாற்றாது. ஜிஃப் படங்களில் பயன்பட்ட எல்.இசட்.டபிள்யூ. சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அப்பட வடிவம் பரவலான பிறகு, 1994இன் இறுதியில் மென்பொருள் தயாரிப்பாளர்கள் உரிமம் பெற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. மாற்றாக பி.என்.ஜி. வடிவத்தை நிரலர்கள் உருவாக்கினர்.

2.2 உரிமம்சார் காரணம்: படிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கும் காப்புரிமைக்குக் கட்டற்ற மென்பொருள் ஈடுகொடுக்க இயலாது; ஏனெனில் எத்தனை படிகள் எடுக்கப்பட்டன என்பதை எவராலும் எண்ண முடியாது. 1991இல் வெளியான குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு இதை முன்னுணர்ந்திருந்தது. காப்புரிமை நிபந்தனையால் தடையின்றிப் பகிர முடியாமற் போனால், அந்த மென்பொருளைப் பகிரவே கூடாது என்கிறது அதன் 7ஆம் பிரிவு.

3. திரட்டலின் மூன்று கட்டங்கள்

3.1 வீதியும் இணையமும் (2003): எஃப்.எஃப்.ஐ.ஐ. என்ற அமைப்பும் யூரோலினக்ஸ் கூட்டணியும் முன்நின்று, ஆகஸ்ட் 27 அன்று பிரஸ்ஸல்ஸில் ஆர்ப்பாட்டம் நடத்தின. வந்தவர்கள் சில நூறு பேர்தாம். அன்றே பல மென்பொருள் திட்டங்கள் தம் இணையதள முகப்பை மறைத்து எதிர்ப்பு அறிவிப்பை வைத்தன. நாடாளுமன்றத்தின் முதல் வாசிப்பு வாக்கெடுப்பு செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிப்போனது. ஆர்ப்பாட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூற முடியாது. பொருளியலாளர்களின் திறந்த மடலும் உறுப்பினர்களுக்குச் சென்ற கடிதங்களும் உடன் நின்றன. கிடைத்த இடைவெளியில் நிரலர்கள் தத்தம் நாட்டு உறுப்பினர்களிடம் திருத்தங்களை விளக்கினர். செப்டம்பர் 24 அன்று வரைவு 361க்கு 157 என நிறைவேறியது. ஆனால் காப்புரிமையின் எல்லையைச் சுருக்கும் திருத்தங்களுடன்.

3.2 தலைநகரங்கள் (2004): மே 18 அன்று உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் அத்திருத்தங்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு அரசியல் உடன்பாடு கண்டது. போராட்டம் தேசிய நாடாளுமன்றங்களுக்கு இடம் மாறியது. ஜூலையில் டச்சு நாடாளுமன்றம், தன் அரசு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறக் கோரியது. டிசம்பர் 21 அன்று, வேளாண்மை, மீன்வள அமைச்சர்களின் கூட்டத்தில் விவாதமின்றி நிறைவேறவிருந்த வரைவைப் போலந்து தடுத்து நிறுத்தியது. சிறு மென்பொருள் நிறுவனங்களும் குரல் கொடுத்ததால், ‘இலட்சியவாதிகளின் கூச்சல்’ என்று ஒதுக்கும் வாய்ப்பு குறைந்தது.

3.3 இறுதி வாக்கெடுப்பு (2005): மார்ச் 7 அன்று மன்றம் தன் நிலைப்பாட்டை முறைப்படி ஏற்றது. இரண்டாம் வாசிப்பில் திருத்தவோ நிராகரிக்கவோ 732 உறுப்பினர்களில் 367 பேர் தேவை. பிரான்சின் முன்னாள் பிரதமர் மிஷேல் ரொக்கார் அறிக்கையாளராக இருந்து கடுமையான திருத்தங்களை முன்மொழிந்தார். அவை நிறைவேறிவிடுமோ என்று காப்புரிமை ஆதரவாளர்கள் அஞ்சினர். நிறைவேறாதோ என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சினர். இரு தரப்பும் நிராகரிப்பில் ஒன்றுசேர்ந்தன.

4. வெற்றியின் எல்லை

ஆகவே 648 என்ற எண்ணை நிரலர்களின் ஆதரவு வாக்காக மட்டும் படிப்பது தவறு. புதிய சட்டம் வரவில்லை. பழைய நடைமுறையும் மாறவில்லை. காப்புரிமை அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு அன்று. தனி உடன்படிக்கையின்கீழ் இயங்குவது. அதன் ‘தொழில்நுட்ப விளைவு’ அளவுகோல் நாடாளுமன்ற முடிவுக்குப் பிறகும் தொடர்ந்தது.

இந்தியாவிலும் இதே வடிவம் தென்படுகிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலைத் ‘தன்னளவில்’ விலக்குகிறது. 2004 டிசம்பரின் அவசரச் சட்டம் இவ்விலக்கைக் குறுக்கியது. 2005இல் நாடாளுமன்றம் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆயினும் 2015 ஆகஸ்டில் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டுதல்கள் வாயிலாகச் சர்ச்சை திரும்பியது. எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் அவை நிறுத்திவைக்கப்பட்டன.

முடிவுரை

சட்டமன்றத்தில் தாமதம் வலுவான ஆயுதம். அங்கே நாள் குறித்து வாக்கெடுப்பு நடக்கிறது, அந்நாளை நோக்கி ஆட்களைத் திரட்ட முடிகிறது. அலுவலக வழிகாட்டுதல்களுக்கும் தீர்ப்புகளுக்கும் அப்படியொரு நாள் இல்லை. அவை சிறிது சிறிதாக எல்லையை நகர்த்துகின்றன. 2023 ஜூனில் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம் செயல்படத் தொடங்கியபின், ஐரோப்பாவில் விளக்கமளிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திலிருந்து மேலும் விலகியுள்ளது. எனவே, ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் சேர்க்கும் திறனோடு, வழிகாட்டுதல் வரைவுகளைப் படித்து உரிய காலத்தில் ஆட்சேபம் எழுதும் நிலையான குழுக்களையும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பேண வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிவு.