உருவவியலாரும் நோக்கும்

1915இல் மாஸ்கோவில் ஒரு மொழியியல் வட்டமும், 1916இல் பெத்ரோகிராதில் கவிதைமொழியை ஆயும் 'ஒப்பயாஸ்' கழகமும் தோன்றின. இருபது வயதை ஒட்டிய இளைஞர் சிலர் கூடிப் பேசிய சிறு குழுக்களே இவை. ரஷ்ய உருவவியல் என்னும் திறனாய்வுப் பள்ளி இவற்றினின்றே கிளைத்தது. படைப்பாளனின் வாழ்க்கையையும் அவன் கால வரலாற்றையும் துருவுவதே இலக்கிய ஆய்வாகக் கருதப்பட்ட நாளில், ஒரு நூலை இலக்கியமாக்குவது எது என்று இவர்கள் வினவினர். யாகப்சன் 1921இல் அதற்கு 'இலக்கியத்தன்மை' எனப் பெயரிட்டார்.

1917இல் ஷ்க்லோவ்ஸ்கி எழுதிய கட்டுரை இப்பள்ளியின் உயிர்நாடி எனலாம். பழக்கம் பொருள்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. கல்லைக் கல்லாக மீண்டும் உணரச் செய்வதே கலையின் தொழில் என்பது அவர் கருத்து. பழனி மலையின் வெள்ளகவியில் ஊருக்குள் காலணி அணியாமல் நடப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை! இதனைத் தமிழில் 'பரிச்சய நீக்கம்' என்பர்.

தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் 'நோக்கு' ஒன்று. மாத்திரை முதல் அடி வரை எல்லாம் கூடிக் கேட்போரை மீண்டும் நோக்க வைக்கும் ஆற்றல் அது என்பது பேராசிரியர் உரையால் பெறப்படுவது. அசையும் சீரும் எண்ணப்படும் அதே வரிசையில் திணையும் மெய்ப்பாடும் எண்ணப்படுகின்றன. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்னும் பிளவு அங்கில்லை. இரண்டும் ஒன்றே என்று கூறிவிடலாகாது. தொல்காப்பியர் மரபைப் போற்றினார், ஷ்க்லோவ்ஸ்கி மரபின் தேய்வைக் கண்டஞ்சினார்.

ரஷ்யாவில் இப்பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. டிராட்ஸ்கி தமது 'இலக்கியமும் புரட்சியும்' நூலில் இதனைக் கண்டித்தார். 1930இல் ஷ்க்லோவ்ஸ்கியே தம் கொள்கையை அறிவியற் பிழையென்று எழுத நேர்ந்தது. தமிழிலும் 'உருவவாதி' என்பது நெடுங்காலம் வசைச்சொல்லாகவே வழங்கிற்று. வசைபாடியவருள் எத்தனை பேர் மூலக் கட்டுரைகளைப் படித்தனரோ!

1920இல் பிராகா சென்ற யாகப்சன் வழியே அமைப்பியலுக்கு வித்திடப்பட்டது. தமிழிலோ முறை மாறிற்று: பாட்டனை அறியுமுன் பேரன் வந்தான். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்தது. யாகப்சன் மறைந்ததும் அதே ஆண்டில்தான். ஷ்க்லோவ்ஸ்கி மாஸ்கோவில் மேலும் ஈராண்டு வாழ்ந்திருந்தார்.