வேணும், விசுவசிக்கிறேன்

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். கைது, இடமாற்றம், நிவாரணம் எல்லாம் நடந்தது. மீனவ ஊரில் சாராயத்தை என்ன செய்வது என்ற கேள்வி நம் கடற்கரைக்குப் புதுசில்லை. 1544இல், வெகு தெற்கே, முத்துக்குளித்துறையில் அதற்கு ஒரு பதில் சொல்லப்பட்டது. சொன்னவர் பிரான்சிஸ் சவேரியார். அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள அவருடைய ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலையும் தெரிந்துகொள்ளணும்.

அங்கிருந்த பரதவர்கள் 1535-37 வாக்கில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு வேண்டிக் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1542இல் சவேரியார் வந்தபோது, ‘நாங்க கிறிஸ்தவங்க’ என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தத் தமிழில் பிழைகள் இருந்தன. 1544இல் உடன் ஊழியர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் இரண்டைத் திருத்துகிறார். பிரமாணத்தில் ‘வேணும்’ என்று வருவது விருப்பத்தைக் குறிக்கிறது. அங்கே ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டும். கிறிஸ்து ‘வன்பினாலே’ பாடுபட்டார் என்பதும் தவறு. அவர் பாடுபட்டது மனமுவந்து.

ரெண்டு சொல்தானே என்று தோன்றும். ஆனால் ‘வேணும்’ என்பது பேரம். பாதுகாப்பு வேணும், மீன் வேணும், கிடைக்காவிட்டால் விலகிவிடலாம். ‘வன்பினாலே’ அதைவிட ஆபத்து. கடவுளே பலத்துக்குப் பணிந்தார் என்றால், பலமுள்ளவன் அடிப்பதில் என்ன தப்பு?

அதே ஆண்டு, அதே மான்சிலாசுக்குத்தான் சாராயம் பற்றியும் எழுதுகிறார். குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதம், மூன்று நாள் சிறை என்று பறைசாற்றச் சொல்கிறார். பிரமாணத்திலிருந்து வெளியேற்றிய வன்பு, ஊருக்குள் வேறு வாசல் வழியாக வந்துவிட்டது.

‘கோட்பாடெல்லாம் எதுக்கு, அன்பு போதாதா?’ என்று இன்று பலர் கேட்கிறார்கள். அபராதம் போட்டவரும் அந்தப் பெண்களின் நன்மைக்கு என்றுதான் நினைத்திருப்பார். அவரை நிறுத்திக் கேட்க அவர்களுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். ‘சாமி, மனமுவந்துன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?’ என்று கேட்க, பிரமாணத்தை ஒப்பித்தால் மட்டும் போதாது; அதன் பொருள் தெரிந்திருக்கணும்.

1579இல் அண்டிரிக் அடிகளார் கொச்சியில் அச்சிட்ட ‘கிரீசித்தியானி வணக்கம்’ கேள்வி-பதில் வடிவில் இருந்தது. பதில்கள் மனப்பாடத்துக்கு உதவியிருக்கும். ஆனால் அந்தக் கரையின் பெண்களுக்கு அதிகம் தேவைப்பட்டது கேள்விகள்தான்.