சாவுப் பள்ளத்தாக்குக்குப் புறப்படுமுன்

பயணம் என்றால் முதலில் பயணச்சீட்டு, பிறகு தங்குமிடம், அதன்பின் மூட்டை முடிச்சு என்பதே உலக வழக்கு. நம் குழுவிலோ எங்கே போவதாயினும் முதலில் வரலாற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். இம்முறை நண்பர்கள் தேர்ந்தெடுத்திருப்பது கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில், நெவாடாவிலும் சிறிது கால் நீட்டிக் கிடக்கும் டெத் வேலி தேசியப் பூங்கா. பரப்பு 13,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் ஆழமான இடமான பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது; அங்கிருந்து தலைநிமிர்ந்தால் தெரியும் டெலஸ்கோப் சிகரமோ 3,368 மீட்டர் உயரம்.

எந்த மாதம் போவது என்பதுதான் முதற் கேள்வி. 1913 ஜூலை 10 அன்று இங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அப்பதிவை ஐயுறும் வானிலை அறிஞர்கள் உண்டு எனினும், உலகின் மிக உயர்ந்த வெப்பநிலை என்னும் பட்டம் அதனிடமே இருக்கிறது. பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்தனர் நம் முன்னோர். நாம் தவிர்க்க வேண்டியவை சரியாக அவ்விரண்டும்தான்! நவம்பர் முதல் மார்ச் வரை என்று முடிவாயிற்று.

இந்த முடிவை எடுத்த முதல் ஆட்கள் நாமல்லர். திம்பிஷா ஷோஷோனி மக்கள் பன்னூறு ஆண்டுகளாக இந்த நாட்காட்டியின்படியே வாழ்ந்தவர்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் தரையில், நீரூற்றுகளின் அருகே குடியிருப்பர். மெஸ்கீட் மரத்தின் நெற்றுகளைச் சேர்த்து இடித்து மாவாக்குவர். (இம்மரம் நம்மூரில் எல்லோரும் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு என்றறிந்தபோது சற்றே வியந்தோம்.) வெயில் ஏறியதும் குடும்பத்தோடு பனமிண்ட் மலைகளுக்கு ஏறிவிடுவர், அங்கே பைன் கொட்டைகள் காத்திருக்கும். திம்பிஷா என்னும் பெயரே இங்குக் கிடைக்கும் செங்காவியைக் குறிப்பது. தம் ஊருக்கு அவர்கள் வண்ணத்தின் பெயரை வைத்திருந்தார்கள்.

சாவின் பெயரை வைத்தவர்கள் வழிதவறி வந்தவர்கள். 1849இல் பொன் தேடிக் கலிபோர்னியா நோக்கிப் போன வண்டித்தொடரிலிருந்து சிலர் குறுக்குவழியை நம்பிப் பிரிந்து, டிசம்பரில் இப்பள்ளத்தாக்கில் சிக்கிக்கொண்டனர். ஒரு கூட்டம் வண்டிகளை எரித்து, எருதுகளைக் கொன்று இறைச்சியை உலர்த்திக்கொண்டு கால்நடையாக வெளியேறியது. குழந்தைகளோடு தங்கிவிட்ட பென்னெட், ஆர்க்கன் குடும்பங்களுக்காக வில்லியம் லூயிஸ் மான்லி, ஜான் ராஜர்ஸ் என்னும் இரு இளைஞர்கள் உதவி தேடிப் போய், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து, 26 நாட்களுக்குப் பின் உணவோடு திரும்பிவந்தனர். ஓடிப்போயிருக்கலாம், வந்தார்கள். அக்கூட்டத்தில் பள்ளத்தாக்கிலேயே உயிர்நீத்தவர் ஒருவர்தான் என்று தெரிகிறது. ஒரு சாவுக்கு இத்தனை பெரிய பெயரா என்று நம் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அடுத்து வந்தது வெங்காரம். பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படும் அதே வெங்காரம். 1883 முதல் சில ஆண்டுகள் ஹார்மனி ஆலையில் சீனத் தொழிலாளர் அதைத் தரையிலிருந்து சுரண்டிச் சேர்த்தனர். பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டிய வண்டித்தொடர் அதை 265 கிலோமீட்டர் தொலைவில் மொஹாவியிலிருந்த இரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றது. கோடையில் கொதிகலனின் கரைசல் படிகமாகும் அளவுக்குக் குளிர மறுத்ததால் ஆலைக்காரர்கள் வேறிடம் பெயர்ந்தனர் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னாளில் வெங்கார நிறுவனமே 1927இல் ஃபர்னஸ் கிரீக்கில் உல்லாச விடுதியைக் கட்டியது. அதுவும் குளிர்காலத்துக்கானதுதான்.

1933 பிப்ரவரியில் அதிபர் ஹூவர் இதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். அறிவிப்பில் திம்பிஷாக்களுக்கு இடமில்லை. 1936இல் ஃபர்னஸ் கிரீக்கில் 40 ஏக்கரில் சிற்றூர் ஒன்றை ஒதுக்கி, பச்சைச் செங்கல் வீடுகள் கட்டித் தந்தனர். 1957க்குப் பின் நடந்ததைப் படித்தபோது பயணத் திட்டத்தைச் சற்றே மூடிவைத்தோம். ஆளில்லாத வீடுகள் கைவிடப்பட்டவை என்றொரு விதி வகுக்கப்பட்டது. கோடையில் வழக்கம்போல் குடும்பங்கள் மலைக்குப் போனதும், பூங்கா நிர்வாகத்தினர் அவ்வீடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தனர். சுடாத செங்கல் அல்லவா, கரைந்தது. மழைக்கு ஏங்கும் மண்ணில் வீட்டை அழிக்கத் தண்ணீர் இருந்தது!

ஆலை கோடையில் பெயர்ந்தால் தொழில். விடுதி பூட்டினால் வணிகம். திம்பிஷா பெயர்ந்தால் மட்டும் கைவிடல். இந்நிலத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள், அவ்வாறு புரிந்துகொண்டதற்காகவே தண்டிக்கப்பட்டனர் என்று நாம் கருதுகிறோம்.

இருந்தும் சிலர் நகரவில்லை. 1983இல் நடுவண் அரசு அவர்களைத் தனிப் பழங்குடியாக ஏற்றது. 1994இல் நினைவிடம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. பேச்சுவார்த்தை ஒருமுறை முறிந்து, மீண்டும் தொடர்ந்து, 2000 நவம்பரில் தாயகச் சட்டம் கையெழுத்தாயிற்று. பூங்காவுக்கு உள்ளும் புறமுமாக ஏறத்தாழ 7,700 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பியது. அதில் ஃபர்னஸ் கிரீக்கில் கிடைத்தது சுமார் 314 ஏக்கர்.

இனித் திட்டத்துக்கு வருவோம். லாஸ் வேகஸிலிருந்து மகிழுந்தில் இரண்டு மணி நேரப் பயணம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பெரும்பகுதியில் கைபேசி இயங்காது என்பதால் தாளில் அச்சிட்ட வரைபடம் கட்டாயம். புறப்படும் நாளில் சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயல் ஒரே நாளில் 2.2 அங்குல மழையைக் கொட்டிச் சாலைகளை அறுத்துச் சென்றது. அப்போது பேட்வாட்டரில் தேங்கிய நீர் ஏரியாகி மறு ஆண்டும் நின்றது.

வைகறையில் ஸப்ரிஸ்கி முனை, பிறகு பேட்வாட்டர், மாலையில் ஹார்மனி ஆலையின் எச்சங்கள் என்று முதல் நாளுக்குக் குறித்திருக்கிறோம். திம்பிஷா சிற்றூர் ஃபர்னஸ் கிரீக்கில் சாலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கிருப்பவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். ஆகவே அங்கே நிழற்படம் எடுப்பதில்லை என்றும் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம்.